குடும்ப நீதிமன்ற விண்ணப்பத்துக்கு முன் மியாம் கூட்டம்: இங்கிலாந்து, வேல்ஸில் வரிசை தவறாமல் முடிப்பது எப்படி

பிரிந்த பிறகு குழந்தை யாரோடு இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது, வீடும் சேமிப்பும் எப்படிப் பிரிவது என்பதற்காக இங்கிலாந்திலோ வேல்ஸிலோ குடும்ப நீதிமன்றம் போக நினைப்பவர், விண்ணப்பம் அனுப்பும் முன் அங்கீகாரம் பெற்ற குடும்ப மத்தியஸ்தர் ஒருவரைச் சந்தித்திருக்க வேண்டும். மத்தியஸ்தத் தகவல், மதிப்பீட்டுக் கூட்டம் என்பது அதன் முழுப் பெயர். எல்லோரும் சொல்வது ‘மியாம்’.

இது சட்டக் கட்டாயம். 2014ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம் 10ஆம் பிரிவில் இருக்கிறது. 2024 ஏப்ரல் 29 முதல் விதிகள் இன்னும் இறுகிவிட்டன. அதற்கு முன் வழக்குப் போட்ட நண்பர் சொல்லும் யோசனை இன்று பாதி செல்லாது. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் நடைமுறை வேறு. கீழே வருவது அங்கே பொருந்தாது.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். பிரிந்த கணவனோடோ மனைவியோடோ ஒரே அறையில் உட்கார வேண்டும் என்று நினைத்துப் பலர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். மியாம் உங்களுக்கும் மத்தியஸ்தருக்கும் மட்டுமான தனிச் சந்திப்பு. மற்றவருக்கு வேறொரு நாளில், தனியாக நடக்கும். சமரசம் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கலந்துகொள்வது மட்டுமே கட்டாயம்.

1. உங்கள் விண்ணப்பத்துக்கு மியாம் வேண்டுமா என்று பாருங்கள்

குழந்தை விஷயத்தில் சி100 படிவம் போடுகிறவர்களுக்கு வேண்டும். குழந்தை எங்கே வசிப்பது, யாரை எப்போது பார்ப்பது, எந்தப் பள்ளி, வெளிநாடு கூட்டிப்போகலாமா கூடாதா என்பவை எல்லாம் இந்தப் படிவத்தில் வரும்.

விவாகரத்தை ஒட்டிய சொத்து, பணம், ஓய்வூதியப் பங்கீட்டுக்கு ஃபார்ம் ஏ போடுகிறவர்களுக்கும் வேண்டும்.

விவாகரத்து விண்ணப்பத்துக்கு மியாம் வேண்டாம். இங்கேதான் முதல் குழப்பம். “டிவோர்ஸ் போட்டாச்சு, வீட்டு விஷயமும் அதிலேயே முடிந்துவிடும்” என்று நினைப்பது தவறு. விவாகரத்து திருமணத்தை மட்டும் முடிக்கிறது. பணத்துக்குத் தனி விண்ணப்பம், அந்த விண்ணப்பத்துக்கு மியாம்.

அடி, மிரட்டல், தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்கும் உத்தரவுக்கும், வீட்டில் யார் இருப்பது என்ற உத்தரவுக்கும் மியாம் வேண்டாம். இருவரும் பேசி முடித்ததை உத்தரவாக்கித் தரக் கேட்கும் சம்மத உத்தரவுக்கும் வேண்டாம். ஏற்கெனவே உள்ள உத்தரவை மற்றவர் மீறுகிறார், அமல்படுத்துங்கள் என்று கேட்பதற்கும் வேண்டாம்.

2. மியாமிலிருந்து விலக்கு உண்டா என்பதை ஆதாரத்தோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள்

விலக்குக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, ஆதாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. நீதிமன்றம் விண்ணப்பத்தைப் பார்க்கும்போதே விலக்கு செல்லுமா என்றும் பார்க்கிறது. முதல் விசாரணையில் மறுபடி கேட்கலாம். செல்லாது என்று பட்டால், வழக்கை நிறுத்திவைத்து மியாமுக்குப் போகச் சொல்லும். ஒரு மணி நேரக் கூட்டத்தைத் தவிர்க்கப் போய், வாரக்கணக்கில் தேதி தள்ளிப்போகும்.

குடும்ப வன்முறை: இது முக்கியமான விலக்கு. ஆனால் விதி ஏற்கும் ஆதாரங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. பொலிஸ் கைது அல்லது எச்சரிக்கை, நடக்கும் குற்ற வழக்கு, பாதுகாப்பு உத்தரவு, மருத்துவரின் கடிதம், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் அமைப்பின் கடிதம், தஞ்சம் தரும் இல்லத்தின் கடிதம் போன்றவை அதில் வருகின்றன. கையால் அடித்தால்தான் வன்முறை என்றில்லை. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வங்கி அட்டையைத் தராமல் வைத்திருப்பது போன்ற பொருளாதார வன்முறையும் சேரும். துணைவர் விசாவில் வந்து, வன்முறை காரணமாகத் தங்கும் அனுமதி பெற்றவர்களுக்கு அந்த அனுமதியே ஓர் ஆதாரம்.

ஆதாரம் உடனே கிடைக்கவில்லையானால், ஏன் இல்லை, எப்போது வரும் என்று படிவத்தில் எழுதுங்கள். வெற்றுக் கட்டம் விடாதீர்கள்.

நடந்தது உண்மை, ஆனால் பொலிசுக்கும் போகவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை என்ற நிலையில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் விலக்குக்காக மல்லுக்கட்டுவதைவிட மியாமுக்குப் போவதே மேல் என்பது என் கணிப்பு. கூட்டம் தனியாக நடக்கிறது, வீடியோவிலும் நடத்தலாம். மத்தியஸ்தரிடம் நடந்ததைச் சொன்னால், மத்தியஸ்தம் இங்கே பொருந்தாது என்று அவரே முடிவு செய்து, நீங்கள் மியாமுக்குப் போனதற்கான சான்றிதழ் தரலாம். மற்றவரை அவர் அழைக்கவும் வேண்டியதில்லை. உடனடி ஆபத்து என்றால் 999. இங்கிலாந்தின் தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 0808 2000 247, இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது.

குழந்தைப் பாதுகாப்பு: உள்ளூராட்சியின் சமூக சேவைப் பிரிவு குழந்தையைப் பற்றி விசாரணை நடத்துகிறது, அல்லது குழந்தைக்குப் பாதுகாப்புத் திட்டம் போட்டிருக்கிறது என்றால் விலக்கு உண்டு. சமூகப் பணியாளரின் கடிதத்தைச் சேர்த்து அனுப்புங்கள்.

அவசரம்: உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு, குழந்தையை நாட்டை விட்டுக் கொண்டுபோகும் அபாயம் போன்றவை. கடைசியாகச் சொன்னதை நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இலங்கை இருக்கிறது, இந்தியா இல்லை. சென்னைக்குக் கொண்டுபோன குழந்தையை அந்த உடன்படிக்கை வழியாகத் திரும்பக் கேட்க முடியாது. டிக்கெட் போட்டாயிற்று என்று தெரிந்தால் மியாம் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே ஒரு சொலிசிட்டரைப் பிடித்து அவசர விண்ணப்பம் போடுங்கள். டிக்கெட் விவரம், குறுஞ்செய்தி என்று எது கிடைத்தாலும் எடுத்துவையுங்கள். ‘அவசரம்’ என்ற சொல் மட்டும் போதாது. என்ன ஆபத்து, எந்தத் தேதிக்குள் என்று எழுத வேண்டும். பள்ளி விடுமுறை நெருங்குகிறது என்பது பொதுவாக இதில் சேராது.

முன்பே முயன்றது: கடந்த 4 மாதங்களுக்குள் இதே பிரச்சினைக்கு மியாமோ, மத்தியஸ்தம் போன்ற வேறு முறையோ நடந்திருந்தால் மறுபடி போக வேண்டாம். அதை நடத்தியவரின் எழுத்துச் சான்று வேண்டும். இரு வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசியதும், கோயிலில் ஐயா முன்னால் பேசியதும் இந்தக் கணக்கில் வராது. எத்தனை தடவை பேசியிருந்தாலும் வராது.

மத்தியஸ்தர் கிடைக்கவில்லை: இந்த விலக்கு இப்போது மிகவும் குறுகிவிட்டது. வீட்டிலிருந்து 15 மைலுக்குள் உள்ள மத்தியஸ்தர்களை, படிவம் கேட்கும் எண்ணிக்கையில் தொடர்புகொண்டு, 15 வேலை நாட்களுக்குள் எவருக்கும் நேரம் இல்லை என்று காட்ட வேண்டும். யாரை எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்ற குறிப்பும் வேண்டும். அதோடு, இணையவழி ஏன் முடியாது என்றும் விளக்க வேண்டும். கையில் ஸ்மார்ட்போன் இருப்பவர் இதை விளக்குவது கடினம்.

3. அழைக்கும் முன் இவற்றை எடுத்துவையுங்கள்

மற்றவரின் முழுப்பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், முகவரி. மத்தியஸ்தர் அவரை அழைக்க இவை தேவை. முகவரி தெரியாவிட்டாலும் மின்னஞ்சலோ எண்ணோ போதும்.

உங்கள் அடையாள ஆவணம். ஏற்கெனவே உள்ள நீதிமன்ற உத்தரவுகளின் நகல். குழந்தைகளின் பெயர், பிறந்த தேதி.

லீகல் எய்ட் (வழக்குச் செலவுக்கு அரசு தரும் உதவி) கேட்பதானால் கடைசி 3 மாத வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையின் கடிதம். எல்லாக் கணக்குகளின் அறிக்கையும் வேண்டும். ஒன்றை விட்டால் மத்தியஸ்தர் கோப்பை நிறுத்திவைப்பார்; தாமதம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

வாட்ஸ்அப் சண்டைகளை அச்செடுத்துக் கட்டாகக் கொண்டுபோக வேண்டாம். மத்தியஸ்தர் நீதிபதி இல்லை. யார் சொல்வது சரி என்று தீர்மானிப்பது அவர் வேலை இல்லை. வன்முறைக்கான ஆதாரம் மட்டும் கையில் இருக்கட்டும்.

4. சரியான மத்தியஸ்தரைப் பிடியுங்கள்

மத்தியஸ்தர் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் எல்லோரும் மியாம் நடத்த முடியாது. ஃபேமிலி மீடியேஷன் கவுன்சிலின் பதிவேட்டில், மியாம் நடத்த அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். அந்தப் பதிவேடு கவுன்சிலின் இணையதளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. முன்பதிவுக்கு முன் பெயரை அங்கே தட்டிப் பாருங்கள். அங்கீகாரம் இல்லாதவர் கையெழுத்திட்ட தாளை நீதிமன்றம் ஏற்காது. கட்டிய பணமும் போய்விடும்.

இணையவழி நடத்தலாம் என்பதால் பக்கத்துத் தெருவிலேயே தேட வேண்டியதில்லை. ஈஸ்ட் ஹாமில் இருப்பவர் மான்செஸ்டர் மத்தியஸ்தரைப் பிடிக்கலாம். பிறகு மத்தியஸ்தம் தொடர நினைத்தால் நேரில் போகக்கூடிய தூரம் வசதி. இந்த ஒன்றை மட்டும் யோசித்து முடிவெடுங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராதவர் முன்பதிவின்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். அக்காவையோ வளர்ந்த மகளையோ மொழிபெயர்க்க உட்கார வைக்க வேண்டாம். வீட்டு வன்முறை பற்றி மத்தியஸ்தர் நேரடியாகக் கேட்பார். சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தால் உண்மை வெளியே வராது, சொன்னதும் வீட்டுக்கு வீடு போய்விடும். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும்போது இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா என்பதையும் சொல்லிவிடுங்கள். லண்டன் தமிழ்ச் சமூகம் சிறியது. வருகிறவர் தெரிந்தவராக இருந்தால் மாற்றித் தரக் கேட்கத் தயங்க வேண்டாம்.

5. பணத்தை முதலிலேயே தெளிவாக்குங்கள்

ஒருவருக்கான மியாம் கட்டணம் பொதுவாக 100 முதல் 150 பவுண்டு வரை இருக்கும். வாட் சேர்ந்ததா என்றும், சான்றிதழில் கையெழுத்திடத் தனிக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். சிலர் கூட்டத்துக்குக் குறைவாகச் சொல்லிவிட்டுச் சான்றிதழுக்குத் தனியாக வாங்குவார்கள்.

லீகல் எய்ட் கிடைத்தால் உங்கள் மியாம் இலவசம், மத்தியஸ்தமும் இலவசம். இருவரில் ஒருவருக்குக் கிடைத்தால் போதும், மற்றவரின் மியாமுக்கும், சேர்ந்து நடக்கும் முதல் மத்தியஸ்த அமர்வுக்கும் அதுவே கட்டணம் தரும். மாத மொத்த வருமானம் 2,657 பவுண்டுக்கு மேல் இருந்தால் பொதுவாகக் கிடைக்காது. சேமிப்பு, சொத்துக்கான வரம்பு 8,000 பவுண்டு. யார்மீது பிரச்சினையோ அவருடைய வருமானத்தை உங்கள் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். “அவருக்கு நல்ல சம்பளம், எனக்கு எங்கே கிடைக்கும்” என்று விட்டுவிடாதீர்கள்.

துணைவர் விசாவில் ‘பொது நிதி பெறக்கூடாது’ என்ற நிபந்தனை இருப்பவர்கள் லீகல் எய்ட் கேட்கவே பயப்படுகிறார்கள். குடிவரவு விதிகள் பொது நிதி என்று பட்டியலிடுபவற்றில் லீகல் எய்ட் இல்லை. தாராளமாகக் கேட்கலாம்.

எல்லா மத்தியஸ்தர்களிடமும் லீகல் எய்ட் ஒப்பந்தம் இருக்காது. அதனால் முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். கட்டணம் கட்டிக் கூட்டம் முடிந்த பிறகு லீகல் எய்டுக்கு மாற்ற முடியாது.

குழந்தை விஷயத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 500 பவுண்டு வரை தரும் அரசு வவுச்சர் திட்டம் 2021இல் தொடங்கியது. அது மத்தியஸ்த அமர்வுகளுக்குத்தான், மியாமுக்கு இல்லை. நீங்கள் போகும் நேரத்தில் நடப்பில் இருக்கிறதா என்று மத்தியஸ்தரையே கேளுங்கள், விண்ணப்பிப்பவரும் அவர்தான்.

நீதிமன்றக் கட்டணம் இவை எல்லாவற்றுக்கும் வேறு. வருமானம் குறைந்தவர் இஎக்ஸ்160 விண்ணப்பம் வழியாக அதில் சலுகை கேட்கலாம். அந்தச் சலுகை மியாம் கட்டணத்துக்கு உதவாது.

6. முதல் அழைப்பில் சொல்ல வேண்டியவை

எந்த விஷயத்துக்காக மியாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்: குழந்தையா, பணமா, இரண்டுமா. குழந்தை விஷயத்துக்கு மட்டும் சான்றிதழ் வாங்கிவிட்டு, பிறகு ஃபார்ம் ஏ போடப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. இரண்டும் தேவைப்படலாம் என்று தோன்றினால் ஒரே கூட்டத்தில் இரண்டையும் பேசிக் குறிக்கச் சொல்லுங்கள்.

உங்களை எப்போது, எந்த எண்ணில், எப்படித் தொடர்புகொள்வது பாதுகாப்பு என்று சொல்லுங்கள். இருவரும் இன்னும் ஒரே வீட்டில் இருந்தால் இது மிக முக்கியம். வீட்டுக்குக் கடிதம் வர வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள். மற்றவருக்கு உங்கள் முகவரி தெரியக்கூடாது என்றால் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

நீங்கள் பேசி முடிக்கும் முன் மற்றவரைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளலாம். சில அலுவலகங்கள் முன்பதிவானவுடனேயே இருவருக்கும் தானியங்கி மின்னஞ்சல் அனுப்பிவிடும். வன்முறை இருக்கும் இடத்தில் அது ஆபத்தாக முடியும்.

7. கூட்டத்தில் நடப்பது

சுமார் ஒரு மணி நேரம். மத்தியஸ்தர் மூன்று காரியம் செய்வார்: நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் வழிகளை விளக்குவார், பாதுகாப்பு பற்றிக் கேட்பார், உங்கள் பிரச்சினைக்கு எந்த வழி பொருந்தும் என்று மதிப்பிட்டுச் சொல்வார். மத்தியஸ்தத்தோடு நடுவர் தீர்ப்பு, இரு தரப்புச் சொலிசிட்டர்களும் சேர்ந்து முடிக்கும் முறை, நடுநிலையான வல்லுநரின் கருத்தைக் கேட்பது ஆகியவையும் அந்த வழிகளில் அடங்கும். 2024 மாற்றத்துக்குப் பிறகு, எது உங்களுக்குப் பொருந்தும், எப்படித் தொடங்குவது என்பதையும் அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். கட்டணம் கட்டியதன் உண்மையான பயன் அதுதான்.

வீடியோவில் கலந்துகொள்பவர் கதவு பூட்டிய அறையில், ஹெட்போன் போட்டு உட்காருங்கள். காரில் உட்கார்ந்து பேசினாலும் தவறில்லை. அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று மத்தியஸ்தர் கேட்பார். குழந்தை பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தால் கூட்டத்தை நிறுத்தவும் செய்யலாம்.

கதையை ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்கினால் நேரம் போய்விடும். இப்போது என்ன நிலை, எதில் ஒத்துப்போகவில்லை, எது கிடைத்தால் உங்களுக்குச் சரி என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். “பிள்ளை இப்போது என்னோடு, அவர் வார இறுதி முழுவதும் கேட்கிறார், நான் சனிக்கிழமை பகலுக்குத் தயார், இரவு தங்கல் இப்போதைக்கு வேண்டாம்” என்று சொன்னால் மத்தியஸ்தருக்கு மதிப்பிட இடம் கிடைக்கும். “அவர் நல்ல அப்பா இல்லை” என்பதிலிருந்து எதையும் மதிப்பிட முடியாது.

பணப் பிரச்சினை என்றால் வெளிநாட்டுச் சொத்தும் கணக்கில் வரும் என்பதை இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக் காணி, சென்னை ஃப்ளாட், ஊர் வங்கி வைப்பு, லாக்கரில் உள்ள நகை எதையும் மறைக்க இடமில்லை. அப்பா பெயரில் இருக்கும் வீடு போன்ற சிக்கல்களைக் கேள்வியாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பதில் சொலிசிட்டரிடம்தான் கிடைக்கும். மத்தியஸ்தர் சட்டத் தகவல் தருவார். உங்களுக்கு எது லாபம் என்று ஆலோசனை தர மாட்டார்.

நீங்கள் சொல்வது இரகசியமாக இருக்கும். நீதிமன்றத்துக்கும் போகாது, மற்றவருக்கும் போகாது. குழந்தைக்கோ வேறு எவருக்கோ கடுமையான தீங்கு நேரும் என்று தெரிந்தால், அல்லது குற்றத்தில் வந்த பணம் பற்றித் தெரியவந்தால் மட்டும் அவர் வெளியே சொல்ல வேண்டிவரும். இந்த விதிவிலக்குகளைத் தொடக்கத்திலேயே சொல்வார்.

10 வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளின் கருத்தைத் தனியாகக் கேட்கும் வாய்ப்புப் பற்றியும் பேச்சு வரும். அதற்குத் தனிப் பயிற்சி பெற்ற மத்தியஸ்தர் பிள்ளையிடம் பேசுவார்; பிள்ளை சம்மதித்ததை மட்டும் பெற்றோரிடம் சொல்வார். இதைக் கேட்டதும் “பிள்ளையை இழுக்க வேண்டாம்” என்று உடனே மறுத்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் தூதுபோகும் பிள்ளைக்கு, யார் பக்கமும் சேராத ஒருவரிடம் பேசுவது பெரிய ஆறுதல்.

8. சான்றிதழை வாங்கும்போதே படித்துப் பாருங்கள்

மற்றவர் தன் கூட்டத்துக்கு வரும்வரை நீங்கள் காத்திருக்கக் கட்டாயம் இல்லை. விண்ணப்பிப்பவர் கலந்துகொண்டாரா என்பதுதான் சட்டம் கேட்பது. “அவர் பதில் போடவில்லை, அதனால் என் சான்றிதழும் வரவில்லை” என்று மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டாம். மத்தியஸ்தரிடம் எழுத்தில் கேளுங்கள். மத்தியஸ்தம் நடக்க வாய்ப்பிருக்கிறது என்று தோன்றினால் மற்றவருக்கு இரண்டு வாரம் போல அவகாசம் கொடுப்பது நியாயம்.

சான்றிதழ் வந்ததும் நான்கு இடங்களைப் பாருங்கள்: கூட்டம் நடந்த தேதி, குழந்தையா பணமா என்ற குறிப்பு, மத்தியஸ்தரின் பதிவு எண்ணும் கையெழுத்தும், உங்கள் பெயர்.

பெயரில்தான் தமிழர்களுக்குச் சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் முழுதாக இருக்கும். முன்பதிவில் இனிஷியல் மட்டும் கொடுத்திருப்பார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது ஒரு வடிவம் இருக்கும். சான்றிதழில் ஒரு பெயரும் சி100இல் வேறு பெயரும் இருந்தால் நீதிமன்ற அலுவலகம் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பலாம். முன்பதிவிலிருந்தே பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து அதே வரிசையில் கொடுங்கள். மற்றவரின் பெயருக்கும் இதுவே.

சான்றிதழ் 4 மாதம் செல்லும். மார்ச் 10 அன்று கூட்டம் என்றால் ஜூலை முதல் வாரத்துக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். “கோடை விடுமுறை முடியட்டும்” என்று விட்டவர் மறுபடி பணம் கட்டி மறுபடி போக நேரும். நடுவில் மத்தியஸ்தம் தொடங்கி முறிந்தால், முறிந்தபோது புதிய சான்றிதழ் கேளுங்கள்.

9. விண்ணப்பத்தை அனுப்புதல்

சி100ஐ அரசின் கவ்.யுகே தளத்தில் இணையவழி நிரப்பலாம். மியாம் பகுதியில் சான்றிதழின் தெளிவான படத்தை ஏற்றுங்கள். நிழல் விழுந்த, ஓரம் வெட்டுப்பட்ட செல்போன் படம் வேண்டாம்; மத்தியஸ்தர் அனுப்பிய பிடிஎஃப் கோப்பையே ஏற்றுங்கள்.

விலக்குக் கேட்பவர் பொருந்தும் காரணத்தை மட்டும் குறித்து ஆதாரத்தை இணையுங்கள். பாதுகாப்புக்காக நாலைந்து காரணங்களைச் சேர்த்துக் குறிப்பது உதவாது. எதற்கும் ஆதாரம் இல்லாத பட்டியல் உண்மையான ஒரு காரணத்தையும் பலவீனமாக்கும்.

வன்முறை அல்லது தீங்கு பற்றிச் சொல்ல இருந்தால் சி1ஏ படிவமும் வேண்டும். மியாமில் மத்தியஸ்தரிடம் சொல்லியாயிற்று என்று இதை விட்டுவிடுகிறார்கள். மியாமில் சொன்னது நீதிமன்றத்துக்குத் தெரியாது. அந்த இரகசியத்தின் மறுபக்கம் இது. முகவரியை மறைக்க சி8. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் அதை சி100 படிவத்திலேயே கேட்க வேண்டும். மியாமில் கேட்டது இங்கே தானாக வராது.

10. அழைப்பு உங்களுக்கு வந்திருந்தால்

மற்றவர் மியாம் முடித்து, மத்தியஸ்தரிடமிருந்து உங்களுக்குக் கடிதம் வந்தால் அது நீதிமன்ற அழைப்பாணை இல்லை. ஆனால் குப்பையில் போடவும் வேண்டாம். நீங்களும் கலந்துகொள்வீர்கள் என்று விதிகள் எதிர்பார்க்கின்றன. பணவழக்கில் காரணமில்லாமல் மறுத்தால் செலவுத்தொகை உங்கள் தலையில் விழலாம். பொதுவாக இந்த வழக்குகளில் அவரவர் செலவு அவரவருக்கு என்றாலும், மியாமையோ வெளித்தீர்வு (நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும்) முயற்சியையோ காரணமின்றித் தவிர்ப்பது அதை மாற்றக் காரணமாகும் என்று 2024 விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன.

வர முடியாததற்கு நியாயமான காரணம் இருந்தால் மத்தியஸ்தருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். அதே மத்தியஸ்தர் வேண்டாம் என்றால், அங்கீகாரம் பெற்ற வேறொருவரிடம் உங்கள் மியாமை முடிக்கலாம்.

11. விண்ணப்பத்துக்குப் பிறகும் கேள்வி வரும்

மியாம் முடிந்தால் வெளித்தீர்வுப் பேச்சும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முதல் விசாரணைக்கு முன் இரு தரப்பும் எஃப்எம்5 படிவத்தில், நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்க என்ன முயன்றீர்கள், ஏன் முடியவில்லை, இனி முயல்வீர்களா என்று எழுத வேண்டும். நீதிமன்றம் தரும் தேதியைப் பார்த்து அதற்குள் அனுப்பி, மற்றவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

இங்கே எழுதுவதை நீதிபதி படிப்பார். “மற்றவர் ஒத்துவர மாட்டார்” என்ற ஒற்றை வரி போதாது. எந்தத் தேதியில் எதை முன்வைத்தீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். மத்தியஸ்தத்தின் உள்ளே யார் என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதக்கூடாது, அது இரகசியம். தேவை என்று கருதினால் இருவரின் சம்மதம் இல்லாமலேயே வழக்கைத் தள்ளிவைத்து வெளித்தீர்வு முயலச் சொல்ல நீதிமன்றத்துக்கு இப்போது அதிகாரம் உண்டு.

மத்தியஸ்தத்தில் உடன்பாடு வந்தால் மத்தியஸ்தர் அதை ஒரு குறிப்பாணையாக எழுதித் தருவார். அது தன்னளவில் சட்டப்படி கட்டுப்படுத்தாது. பண விஷயமானால் சொலிசிட்டரிடம் கொடுத்துச் சம்மத உத்தரவு எழுதி, இருவரின் பண நிலையைக் காட்டும் டி81 படிவத்தோடு நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். உத்தரவு கைக்கு வரும்வரை வீட்டை விற்கவோ பெயர் மாற்றவோ வேண்டாம்.